கமிலா ஷம்சியின் 'ஹோம் ஃபயர்': வெம்பிளியில் ஓர் ஆன்டிகனி

கராச்சியில் 1973இல் பிறந்து இலண்டனில் வாழும் கமிலா ஷம்சி ஆங்கிலத்தில் எழுதிய ஏழாவது நாவல் 'ஹோம் ஃபயர்'. 2017இல் வெளியாகி அவ்வாண்டு மேன் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 2018இல் பெண் எழுத்தாளர்களுக்கான 'விமன்ஸ் பிரைஸ்' விருதைப் பெற்றது. சோஃபொக்கிளீஸ் கி.மு. 441ஆம் ஆண்டளவில் எழுதிய 'ஆன்டிகனி' நாடகமே இதன் மூலம்.

நாடகத்தின் கதையை அறிந்திருப்பீர்கள். தீப்ஸ் நகரின் மீது படையெடுத்து வந்து மாண்ட பொலினைசீஸின் உடலை யாரும் புதைக்கக்கூடாது என்று மன்னன் கிரியோன் ஆணையிடுகிறான். தங்கை ஆன்டிகனி ஆணையை மீறுகிறாள். அக்காள் தங்கை இருவரில் இஸ்மெனி பயந்து ஒதுங்குகிறாள். கிரியோனின் மகன் ஹேமோன் ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவன்.

ஷம்சி பெயர்களையே சாவியாகத் தருகிறார். இஸ்மா, அனீகா, பர்வேஸ், ஈமன், கராமத். வெம்பிளியில் வளர்ந்த பாகிஸ்தானியப் பூர்வீகக் குடும்பம். ஜிகாதியான தகப்பன் குவாண்டனாமோவுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்துபோனவன். தாயும் பாட்டியும் போனபின் இரட்டையர்களான தங்கையையும் தம்பியையும் வளர்த்தவள் இஸ்மா. ஒலிகளைப் பதிவு செய்வதில் பித்துக்கொண்ட பர்வேஸ், தகப்பனின் பெயரைச் சொல்லி ஆசைகாட்டிய ஒருவனை நம்பி சிரியாவிலுள்ள ரக்காவுக்குப் போய்விடுகிறான். இங்கே மன்னன், உள்துறை அமைச்சர் கராமத் லோன். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, அந்த அடையாளத்திலிருந்து விலகி நின்றே பதவிக்கு வந்தவர். ஈமன் அவருடைய மகன்.

நாவல் ஹீத்ரோ விமான நிலைய விசாரணை அறையில் தொடங்குகிறது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் இஸ்மாவிடம் ஜனநாயகத்திலிருந்து கேக் செய்யும் தொலைக்காட்சிப் போட்டி வரை எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிறார்கள். விமானம் போய்விடுகிறது. இந்தக் கேள்விகளுக்கு அவள் வீட்டிலேயே தங்கையோடு ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவள். குடும்பப் படங்களைக்கூடப் பெட்டியில் வைக்கவில்லை. குடிவரவு வரிசையில் நிற்கும்போது மனதுக்குள் பதில்களைச் சரிபார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கும் உண்டு. அந்தப் பக்கங்களை மட்டும் இருமுறை வாசித்தேன்.

மூலத்திலிருந்து ஷம்சி விலகும் இடங்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. நாடகத்து இஸ்மெனி உதவ மறுப்பவள், அவ்வளவே. இஸ்மாவோ தம்பி போய்விட்டதைத் தானே பொலிசுக்குச் சொல்கிறாள். மிஞ்சியிருக்கும் தங்கையைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி என்று நினைக்கிறாள். அதை அறிந்த அனீகாவால் மன்னிக்க முடியவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிரியோனுக்கும் ஆன்டிகனிக்கும் இடையிலான மோதலைவிட இந்த அக்காள் தங்கைப் பிளவுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னொன்று, நகரைக் காத்து மாண்டு முழு மரியாதையோடு அடக்கம் செய்யப்படும் எட்டியோக்கிளீஸ் நாவலில் இல்லை. ஒரே சகோதரன்தான். இஸ்தான்புல்லில் அவன் கொல்லப்பட்டதும் உடலை ஏற்கமாட்டோம் என்கிறது பிரித்தானியா. உடல் கராச்சிக்குப் போகிறது. அனீகாவும் அங்கே போய், பிரித்தானியத் தூதரக அலுவலகத்துக்கு அருகேயுள்ள பூங்காவில் பனிக்கட்டிகளுக்கு நடுவே உடலைக் கிடத்திக் காத்திருக்கிறாள். செத்தவனோடு அரசுக்கு என்ன பகை? துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டதைக் கண்ட நம்மவர்களுக்கு இக்கேள்வியை விளக்கத் தேவையில்லை.

நாவல் வெளிவந்த மறு ஆண்டே பாகிஸ்தானியப் பெற்றோரின் மகனான சாஜித் ஜாவித் உள்துறை அமைச்சரானார். 15 வயதில் சிரியாவுக்குப் போன, பிரித்தானியாவில் பிறந்த ஷமீமா பேகத்தின் குடியுரிமையை 2019இல் அவர் பறித்தார். தீர்க்கதரிசனம் என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. குடியுரிமையைப் பறிக்கும் அதிகாரம் அதற்கு முன்பே சட்டத்தில் இருந்தது. ஷம்சி சட்டத்தைக் கவனமாகப் படித்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. ஈமனின் காதல் வேகம் நம்பும்படியாக இல்லை. ஐந்து பாகங்களில் நான்காவதான அனீகாவின் பாகம் செய்தித் துணுக்குகளாகச் சிதறிக் கிடப்பதால் அவளை நெருங்க முடியவில்லை. துக்கம் அப்படித்தான் சிதறும் என்று வாதிடலாம்.

முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. நாடகத்தில் சாவுகள் மேடைக்கு வெளியே நடக்கின்றன, தூதன் வந்து சொல்கிறான். கராச்சிப் பூங்காவிலோ எல்லாத் திசையிலும் தொலைக்காட்சிக் கமராக்கள்.