தரச்சான்று உறைகளின் தொடக்க வரலாறு: அமெரிக்க நாணயங்கள், 1972–1998

அமெரிக்கப் பழைய நாணயம் ஒன்றின் விலை, அது வெளியான ஆண்டு, நாணயச்சாலைக் குறி, தேய்மான நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. முதல் இரண்டும் நாணயத்தின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, பார்ப்பவரின் மதிப்பீடு. ஆளுக்கு ஆள் மாறக்கூடியது. அந்த மதிப்பீட்டை நடுநிலையான மூன்றாம் தரப்பு ஒன்று செய்து, நாணயத்தைவிட்டுப் பிரியாதபடி கெட்டிப் பிளாஸ்டிக்கில் முத்திரையிட்டுத் தரும் உறையே தரச்சான்று உறை. சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாப் என்பர்.

எண்வழி மதிப்பீடு

உளவியலாளரான வில்லியம் ஷெல்டன், அமெரிக்காவின் தொடக்ககாலப் பெரிய செம்பு சென்ட் நாணயங்களைப் பற்றி 1949-இல் வெளியிட்ட நூலில் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை முன்வைத்தார். அடிநிலையில் 1 டாலர் பெறும் நாணயம், அப்பழுக்கற்ற நிலையில் 70 டாலர் பெறும் என்ற விலைக் கணக்கிலிருந்து பிறந்தது அது. விலைகள் மாறியதும் அந்தக் கணக்கு பொருந்தாமல் போனாலும் எண்கள் நிலைத்துவிட்டன. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1977-இல் வெளியிட்ட தர விதிகள், புழங்காத நாணயங்களுக்கு 60, 65, 70 என்ற மூன்று படிகளையே வகுத்தன. 60 முதல் 70 வரை பதினொரு படிகளும் 1986-இல்தான் முழு ஏற்புப் பெற்றன.

காகிதச் சான்றிதழ்

போலி நாணயங்கள் பெருகியதால் சங்கம் 1972-இல் வாஷிங்டனில் அனாக்ஸ் என்ற சான்றுப் பிரிவைத் தொடங்கியது. தொடக்கத்தில் நாணயம் அசலா போலியா என்பதை மட்டுமே அது சொன்னது. 1976-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு இடம் மாறிய பிரிவு, 1979 முதல் தரத்தையும் குறிக்கத் தொடங்கியது. நாணயத்தின் இரு முகங்களின் புகைப்படம் ஒட்டிய சான்றிதழில், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனியாக 63/65 என்பதுபோல் தரம் எழுதப்பட்டது.

இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. நாணயமும் காகிதமும் தனித்தனியாகக் கைமாறின. படத்தை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இரண்டும் சேர்ந்தவை என்று உறுதியாகும். மேலும், சான்று பெற்ற பின் நாணயத்தைத் தேய்த்தோ கீறியோ கெடுத்தாலும் சான்றிதழ் பழைய தரத்தையே காட்டும். நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை பேச இந்தச் சான்று போதவில்லை.

முன்னோடி உறைகள்

கெட்டிப் பிளாஸ்டிக் உறை அதற்குள் வேறு வழியில் அறிமுகமாகியிருந்தது. அமெரிக்கக் கருவூலத்தில் எஞ்சிய ஏறத்தாழ 30 லட்சம் வெள்ளி டாலர்களை, ஜி.எஸ்.ஏ. என்னும் அரசுத் துறை 1972–74, 1980 ஆண்டுகளில் விற்றது. பெரும்பாலானவை நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்தவை. புழங்காத நாணயங்கள் கறுப்பு உட்பகுதி கொண்ட கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகளில் வந்தன. அவற்றில் எண்தரம் இல்லை. ஆனால் உறையே நாணயத்தின் பூர்வீகத்துக்குச் சான்றானது.

அடுத்த படி, நெவாடாவின் ரீனோ நகரில் 1974-இல் இறந்த லாவெர் ரெட்ஃபீல்டின் புதையல். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் கொண்ட அந்தத் தொகுப்பு 1976-இல் 73 லட்சம் டாலருக்கு ஏ-மார்க் நிறுவனத்திடம் போனது. அதிலிருந்து ஒரு பகுதியைப் பாரமவுண்ட் நிறுவனம் சிவப்பு, கறுப்பு உட்பகுதி கொண்ட உறைகளில் தரம் குறித்து விற்றது. பிற்கால ஸ்லாபின் தோற்றம் இதிலேயே தெரிகிறது. ஆனால் தரம் குறித்தவரே விற்பவர் என்பதால் இதை மூன்றாம் தரப்புச் சான்று எனல் ஆகாது.

மூன்று நிறுவனங்களின் உறைகள்

டேவிட் ஹாலும் வேறு சில வணிகர்களும் சேர்ந்து 1985-இல் நிறுவிய பி.சி.ஜி.எஸ்., 1986 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் பணியைத் தொடங்கியது. நடுநிலையான தரம், முத்திரையிட்ட உறை, தரத்துக்குப் பண உத்தரவாதம் ஆகிய மூன்றையும் அது ஒன்றாக இணைத்தது. நிறுவனர்களில் ஒருவரான ஜான் அல்பனீஸ் பிரிந்து சென்று, 1987-இல் நியூ ஜெர்சியில் என்.ஜி.சி.யைத் தொடங்கினார். 1989-இல் அனாக்ஸும் காகிதத்திலிருந்து உறைக்கு மாறியது. மறு ஆண்டே சங்கம் அதை ஏமஸ் பிரஸ் நிறுவனத்துக்கு விற்க, அனாக்ஸ் ஒஹையோவின் கொலம்பஸுக்கு இடம் பெயர்ந்தது.

அடையாளம் காணுதல்

உறையின் காலத்தைக் கணிக்க அதன் விளிம்பு, உட்பகுதியின் நிறம், தரம் குறித்த சீட்டின் நிறமும் அச்சும் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பி.சி.ஜி.எஸ்.ஸின் முதல் உறை சற்றே சிறியது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதற்கான உயர்ந்த விளிம்பு அதில் இல்லை. உட்பகுதி தளர்வாக இருப்பதால் ஆட்டினால் கலகலக்கும். ராட்லர் என்ற பெயர் அதனால் வந்தது. 1989 வாக்கில் அடுக்கக்கூடிய விளிம்புடன் புதிய உறை வந்தது. அதன் தொடக்கத்தில் சிறிது காலம், பின்னல் வேலைப்பாடு போன்ற பின்னணி அச்சிட்ட சீட்டு இருந்தது; அது டாய்லி எனப்படுகிறது. பின்னர் வந்த வெளிர்பச்சைச் சீட்டு 1998 வரை நீடித்து, நீலச் சீட்டுக்கு இடம் கொடுத்தது.

என்.ஜி.சி.யின் உறைகளில் நாணயத்தைச் சுற்றியுள்ள உட்பகுதி பொதுவாக வெள்ளை. 1987-இல் மிகக் குறுகிய காலமே வெளியான கறுப்பு உட்பகுதி உறை இன்று மிக அரிது. அனாக்ஸின் தொடக்க உறை, அளவில் சிறிய வெள்ளை உறை.

சந்தையில் பழைய உறை

பழைய உறைகளுக்குத் தனி விலை கிடைப்பதற்கு அரிதான தன்மை மட்டும் காரணமன்று. 1980-களின் பிற்பகுதியில் தர மதிப்பீடு கறாராக இருந்தது என்பது சேகரிப்பாளர்களின் பரவலான கருத்து. அன்று 64 பெற்ற நாணயம் இன்று 65 பெறலாம் என்ற எதிர்பார்ப்பில் வணிகர்கள் உறையை உடைத்து நாணயத்தை மறுபடி தரத்துக்கு அனுப்பினர். அவ்வாறு அழிந்ததே பழைய உறைகள் குறைந்ததற்கு முக்கியக் காரணம். உடைத்த உறையின் சீட்டை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பாதபோது, ஒரே நாணயம், தரம் பெற்ற நாணயங்களின் எண்ணிக்கைப் பட்டியல்களில் இருமுறை இடம்பெறவும் நேர்ந்தது.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. உயர்தரம் பெறக்கூடியவை பலவும் ஏற்கெனவே உடைக்கப்பட்டுவிட்டதால், எஞ்சிய பழைய உறைகள் எல்லாவற்றிலும் குறைத்து மதிப்பிட்ட நாணயமே இருக்கும் என்று கொள்ள முடியாது. அல்பனீஸ் 2007-இல் தொடங்கிய சி.ஏ.சி. நிறுவனம், உறைக்குள் இருக்கும் நாணயத்தை மறு ஆய்வு செய்து, தரத்துக்கு நன்கு பொருந்தினால் பச்சை ஒட்டுச்சீட்டும், குறைத்து மதிப்பிட்டதெனக் கண்டால் தங்கநிற ஒட்டுச்சீட்டும் இடுகிறது.

சான்றின் எல்லை

உறையின் வகை, மதிப்பீடு நிகழ்ந்த காலத்தைக் காட்டுமே தவிர, நாணயத்தின் இன்றைய நிலைக்கு உறுதி அளிக்காது. உறை முற்றிலும் காற்றுப்புகாதது அன்று. பல ஆண்டுகளில் வெள்ளியின் நிறம் மாறலாம், செம்பில் புள்ளிகள் தோன்றலாம். உறைகளிலேயே போலிகளும் வந்துள்ளன. ஆகவே உறையின் அமைப்பு, சீட்டில் உள்ள சான்றெண், அந்த எண்ணுக்கு நிறுவனத்தின் பதிவில் உள்ள விவரம், உள்ளிருக்கும் நாணயம் ஆகிய நான்கும் ஒத்துப்போனால்தான் அடையாளம் உறுதிப்படும்.