கடைசிவரை தாங்கிய பனித்தளம்

பாஸ்டன் நகரின் செயின்ட் பொட்டால்ஃப் தெருவில் 1910 ஏப்ரல் 16 அன்று திறக்கப்பட்ட பாஸ்டன் அரீனா, 2025 டிசம்பரில் தன் கடைசி ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைக் கண்டது. பயன்பாட்டில் இருந்தவற்றுள் உலகிலேயே பழமையான உள்ளரங்க ஹாக்கித் தளம் என்று பெயர் பெற்ற அந்தக் கட்டடம், 1982 முதல் மேத்யூஸ் அரீனா என்ற பெயரில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ‘ஹஸ்கீஸ்’ அணிக்குத் தாய்வீடாக இருந்தது. அந்த அணியின் ரசிகர்கள் கோல்கீப்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு அதை இடித்துவிட்டு அதே மனையில் எழவிருக்கும் புதிய அரங்கின் இருக்கைகளுக்கும் ரயில் நிலையத்துக்கும் வீட்டு வாடகைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். விளையாட்டு ரசிகர்களுக்கு நகரத் திட்டத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அரங்கின் 115 ஆண்டு வரலாறே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஆட்டக்களம் புகழால் பிழைப்பதில்லை. ஓயாமல் வந்து ஆடும் அணியும், பக்கத்திலிருந்து திரளும் கூட்டமும்தான் அதைப் பிழைக்க வைக்கின்றன.

இதற்குச் சான்று அரங்கின் அண்டை நிலங்களிலேயே கிடைக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில்தான் 1903-இல் பேஸ்பாலின் முதல் உலகத் தொடரின் ஆட்டங்கள் நடந்த ஹன்டிங்டன் அவென்யூ மைதானம் இருந்தது. அங்கே ஆடிய பேஸ்பால் அணி 1912-இல் ஃபென்வே பார்க்குக்குக் குடிபெயர்ந்ததும் மைதானம் மறைந்தது. இன்று அங்கே பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது. 1909-இல் எழுந்த பாஸ்டன் ஆப்பரா ஹவுஸ் 1958-இல் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் மாணவியர் விடுதி வந்தது. உலகத் தொடரின் பெருமையும் ஆப்பராவின் மேன்மையும் அவற்றைக் காப்பாற்றவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, 1918-இல் தீப்பிடித்து 1921-இல் மறுபடியும் திறந்த ஒரு பனித்தளம் மட்டும் நிலைத்தது.

பெரிய அணிகள் அதை ஏணியாகத்தான் பயன்படுத்தின. ஐஸ் ஹாக்கியின் புரூயின்ஸ் 1924 டிசம்பர் 1 அன்று இங்கேதான் தங்கள் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். 1928-இல் பாஸ்டன் கார்டன் அரங்கு கட்டப்பட்டதும் போய்விட்டார்கள். கூடைப்பந்தின் செல்டிக்ஸ் தங்கள் முதல் உள்ளூர் ஆட்டத்தை 1946-இல் இங்கே ஆடினார்கள், அவர்களும் தங்கவில்லை. பாஸ்டன் வட்டாரத்தின் நான்கு கல்லூரிகள் மோதும் பீன்பாட் ஹாக்கிப் போட்டி 1952 டிசம்பரில் இங்கே பிறந்து, அடுத்த முறையே கார்டனுக்கு மாறியது. அந்த நான்கில் ஹார்வர்டு, பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யூனிவர்சிட்டி ஆகிய மூன்றும் 1950-களிலிருந்து 1971-க்குள் ஒவ்வொன்றாகச் சொந்தத் தளம் கட்டிக்கொண்டன. சொந்தத் தளம் இல்லாத நார்த்ஈஸ்டர்ன் மட்டும் பள்ளி அணிகளோடு அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. 1979-இல் அரங்கையே வாங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் அந்த அணி பீன்பாட் கோப்பையை முதன்முறையாக வென்றது. பெருமிதத்தோடு வந்த அணிகள் போன பிறகும் அரங்கு பாழடையாமல் இருந்தது, போக்கிடம் இல்லாத அணி ஒன்று விடாமல் ஆடியதால்தான்.

பக்கத்திலிருந்து திரளும் கூட்டமும் தற்செயலாக அமைந்ததல்ல. 1960-களில் தென்மேற்கிலிருந்து நகருக்குள் பெரும் நெடுஞ்சாலை ஒன்றைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். ராக்ஸ்பரி, ஜமைக்கா பிளெயின் பகுதிகளில் நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. குடியிருப்போர் போராடினார்கள், ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜன்ட் 1970-இல் பணியை நிறுத்தினார், 1972-இல் திட்டத்தையே கைவிட்டார். காலியாகக் கிடந்த நிலத்தில் 1987-இல் ஆரஞ்சு லைன் ரயில் வந்தது, அதை ஒட்டி நீண்ட பூங்காவும் அமைந்தது. அரங்கின் வாசலிலிருந்து சில நிமிட நடையில் மாசசூசெட்ஸ் அவென்யூ நிலையம் இருக்கிறது. பனிக்கு மேல் தலை நீட்டி நிற்கும் பால்கனியில், ஆடுபவரின் மூச்சுப்புகை தெரியும் நெருக்கத்தில், ‘டாக்ஹவுஸ்’ என்ற மாணவர் கூட்டம் நின்றபடியே கத்தித் தீர்த்தது. அவர்கள் கார் நிறுத்த இடம் தேடி வந்தவர்களல்லர்; வகுப்பு முடிந்து நடந்து வந்தவர்கள், ரயிலில் வந்து இறங்கியவர்கள்.

கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிட்டது, உணர்ச்சிக்காக ஆபத்தைச் சுமக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பகுதியே சதுப்பில் மண் கொட்டித் தூர்த்த நிலம். நூறாண்டுக் கட்டடத்தை அங்கே தாங்கிப் பிடிப்பது எளிதல்ல. அதை இடிப்பதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செங்கல்லை இழப்பதும் பழக்கத்தை இழப்பதும் ஒன்றாகாது. அதே மனையில் புதிய அரங்கு எழுவது பாதி வெற்றி. அதுவரை அணியும் ரசிகரும் சிதறாமல் இருப்பது மீதிப் பாதி. இதைவிடக் கனமான மறுப்பும் உண்டு: அக்கம்பக்கத்தை விழுங்கி வளர்ந்ததே அந்தப் பல்கலைக்கழகம்தானே, அதன் அணியின் ரசிகர்கள் எப்படி ஊருக்காகப் பேசலாம்? மைதானமும் ஆப்பரா ஹவுஸும் இருந்த நிலம் இன்று யாருடையது என்று பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டை மறுக்க முடியாது. அதனால்தான் ரசிகர்கள் பேசியே ஆகவேண்டும் என்கிறேன். வளர்ச்சியின் பலனை அனுபவிப்பவர்கள் வாய் மூடிக்கொண்டால், விலை கொடுக்கும் குடியிருப்போரின் குரல் தனித்துப்போகும்.

புதிய அரங்கு 2028-இல் திறக்கும் என்கிறார்கள். பழைய முகப்பின் சாயல் அதில் இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாம் கேள்விதான். பள்ளிப் பிள்ளைகளின் அணிக்கு அங்கே நேரம் கிடைக்கிறதா, ராக்ஸ்பரியிலிருந்து வரும் குடும்பத்துக்கு நுழைவுச்சீட்டு கட்டுப்படியாகிறதா, மாணவர் கூட்டம் பனிக்கு அத்தனை நெருக்கமாக நிற்க முடிகிறதா என்பவையே முதல் கேள்விகள். பாஸ்டன் அரீனாவைத் தாங்கியவர்கள் இப்படி வந்துபோன எளிய மனிதர்கள். அவர்களுக்கு இடம் தருகிற கட்டடமே அதன் வாரிசு.