திருமலை நாயக்கர் நகராவும் நைட் ஷிப்ட் அலாரமும்

ஸ்ரீவில்லிபுத்தூர்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது மூணு விஷயம். ஆண்டாள், அரசு முத்திரையில இருக்கிற கோபுரம், அப்புறம் பால்கோவா. நாலாவதா அலாரத்தையும் சேர்த்துக்கணும்ங்கிறது என் கட்சி.

கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் (1623-1659) ஆண்டாளுக்கு உச்சிக்காலப் பூஜை முடிஞ்ச பிறகுதான் மதியம் சாப்பிடுவாராம். பூஜை முடிஞ்சது மதுரையில எப்படித் தெரியும்? வழி நெடுக மண்டபம் கட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு நகரா வச்சார். கோயில்ல அடிச்சதும் அடுத்த மண்டபத்துக்காரர் அடிப்பார், அதைக் கேட்டு அதுக்கடுத்தவர். இப்படியே கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம்னு அரண்மனை வரைக்கும் சத்தம் போய்ச் சேரும். (இது கட்டபொம்மன் கதையாச்சேன்னு கேக்கப் போறவங்களுக்கு: திருச்செந்தூர் - பாஞ்சாலங்குறிச்சி மணிக் கதை தனி. ரெண்டுமே செவிவழிச் செய்திதான். கல்வெட்டு எங்கன்னு சண்டைக்கு வராதீங்க.)

சின்னதா ஒரு கணக்கு. தூரம் சுமார் 75 கி.மீ. சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போகும். அதுக்கே மூணே முக்கால் நிமிஷம் ஆகும். 2 கி.மீ.க்கு ஒரு மண்டபம், ஆளுக்கு 5 நொடி தாமதம்னு வச்சுக்கிட்டா மொத்தம் ஏழு நிமிஷத்துக்குள்ள சேதி மதுரைக்கு வந்துடும். ஈமெயிலே சில நாள் இதைவிட லேட்டா வருது :-)

வேகத்தை விடுங்க. எனக்குப் பிடிச்சது இதோட அடக்கம்தான். நடை திறந்தாச்சு, பூ வந்தாச்சு, விளக்கு ஏத்தியாச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் நகரா அடிக்கல. ஒரே சேதி, அதைக் கேக்க ஒரே ஆள், கேட்டதும் அவர் செய்ய வேண்டியதும் ஒண்ணே ஒண்ணுதான்: சாப்பிட உக்காரணும். எல்லாத்துக்கும் அடிச்சிருந்தா ஒரே வாரத்துல அரண்மனையில யாரும் அதைக் காதுல வாங்கியிருக்க மாட்டாங்க.

இந்த அடக்கம் இல்லாமப் போனா என்ன ஆகும்னு உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கத்துக்கிச்சு. 1979 மார்ச் 28 விடிகாலை, அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். முதல் சில நிமிஷத்துலயே நூறு அலாரத்துக்கு மேல அடிச்சது. முக்கியமில்லாததை அமுக்கி வைக்க வழியே இல்லைன்னு விசாரணை செஞ்ச கெமனி கமிஷன் சொல்லிச்சு. உண்மையான பிரச்சினை, திறந்தபடியே மாட்டிக்கிட்ட ஒரு வால்வு. அதுக்கான விளக்கு "மூடு"ன்னு உத்தரவு போனதைத்தான் காட்டிச்சே தவிர, வால்வு மூடிச்சாங்கிறதைக் காட்டல. நம்ம நகரா பூஜை முடிஞ்சதைச் சொல்லிச்சு. பட்டர்கிட்ட "முடிங்க"ன்னு சொன்னதை இல்ல.

1994 ஜூலை 24, பிரிட்டன்ல மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வெடிக்கிறதுக்கு முந்தின பதினோரு நிமிஷத்துல 275 அலாரம். பார்க்க இருந்தவங்க ரெண்டு பேர். சுமார் ரெண்டரை நொடிக்கு ஒண்ணை எந்த மனுஷனால படிச்சுப் புரிஞ்சுக்க முடியும்? 26 பேருக்குக் காயம். இதுக்கப்புறம்தான், 1999ல, ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191ங்கிற வழிகாட்டி வந்தது. சாதாரண நேரத்துல ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு அலாரம், அதுக்கு மேல போகாம இருந்தா நல்லதுன்னு சொல்லிச்சு.

கம்ப்யூட்டர் உலகத்துலயும் இதே கதைதான். 1980கள்ல எரிக் ஆல்மன் எழுதின சிஸ்லாக், சேதிகளை எட்டு படியாப் பிரிச்சது. நல்ல யோசனைதான். ஆனா எது எந்தப் படின்னு முடிவு பண்றது புரோகிராம் எழுதினவர், ராத்திரி முழிச்சுப் பார்க்கிறவர் இல்ல. 1999ல நெட்செயின்ட்னு பிறந்து பின்னால நாகியோஸ்னு பேர் மாறின மென்பொருள்ல யார் யாருக்குப் பின்னால இருக்காங்கன்னு எழுதி வைக்கலாம். ஸ்விட்ச் செத்துப் போனா அதுக்குப் பின்னால இருக்கிற நாப்பது சர்வரும் தனித்தனியா ஒப்பாரி வைக்காது. 

"அப்ப பாதியை ஆஃப் பண்ணிடலாமே"ன்னா, அங்கதான் ஆபத்து. 2003 ஆகஸ்ட் 14, ஒஹையோவுல ஒரு மின்சாரக் கம்பெனியோட அலாரம் மென்பொருள் சத்தமில்லாம உறைஞ்சு போச்சு. அலாரம் வரல, அதனால எல்லாம் நல்லா இருக்குன்னு உக்காந்திருந்தாங்க. கடைசியில அமெரிக்காவுலயும் கனடாவுலயும் சுமார் 5 கோடிப் பேர் இருட்டுல.

நாயக்கர் ஏற்பாட்டுல இந்த ஓட்டையும் இல்ல பாருங்க. நடுவுல ஒரு நகராக்காரர் தூங்கிட்டா ராஜாவுக்குச் சோறு லேட்டாகும். உடனே ஆள் கிளம்பிடும். தினமும் வர வேண்டிய சத்தம் வரலைங்கிறதே அங்க அலாரம். கம்ப்யூட்டர்ல இதுக்கு வாட்ச்டாக் டைமர்னு பேர். புரோகிராம் அப்பப்ப வந்து தலையைத் தடவிட்டுப் போகணும், வரலைன்னா நாய் குரைக்கும். வாட்ச்டாக்னதும் 2005ல தபால்தலையிலயே ஏறின நம்ம ராஜபாளையம் நாய்தான் எனக்கு ஞாபகம் வரும். காவலுக்குப் பேர் போன நாய். தெருவுல போற எல்லாத்தையும் பார்த்துக் குரைக்கிற நாயை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு அலாரத்தைத் தவற விட்டா "நைட் ஷிப்ட் பையன் தூங்கிட்டான்"னு அவன் தலையில கட்டிடறோம். ஆயிரம் நகராவை ஒரே நேரத்துல அடிச்சுட்டு, கேக்கலைன்னு காதைக் குறை சொல்றது என்ன நியாயம்? புதுசா ஒரு அலாரம் வைக்கிறவர் ரெண்டே கேள்வி கேட்டுக்கட்டும். இதை யார் கேக்கணும்? கேட்டதும் எழுந்து என்ன செய்யணும்? பதில் இல்லைன்னா பேசாம லாக்ல எழுதி வைங்க, காலையில பார்த்துக்கலாம்.

மதுரை - ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல போறவங்க, பழைய கல் மண்டபம் கண்ணுல பட்டா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. புண்ணியமாப் போகும்.