தனியாகத் தொழில் செய்யும் வக்கீல் செயலிழந்தால்: கட்சிக்காரர் குடும்பம் அறிய வேண்டியவை

பாபநாசம், ராஜகிரி, அய்யம்பேட்டை, அதிராம்பட்டினம் என நம் தஞ்சைப் பகுதி ஊர்களில் பல குடும்பங்களுக்கு ஒரு சிவில் வழக்காவது இருக்கும். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, குத்தகை பாக்கி, ஜீவனாம்சம், பள்ளிவாசல் நிலம் என ஏதாவது ஒன்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். வீட்டு ஆண்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். மூலப் பத்திரம், கட்டு, வாய்தா தேதி எல்லாம் ஒரே ஒரு வக்கீலிடம் இருக்கும். அவருக்கு ஜூனியர் கிடையாது. ஒரு குமாஸ்தா மட்டும் உண்டு.

அந்த வக்கீல் திடீரென வஃபாத்தாகிவிட்டால், அல்லது பக்கவாதத்தில் படுத்துவிட்டால் நம் வழக்கு என்னவாகும்?

வக்காலத்து முடியும், வழக்கு முடியாது

வகாலத் என்ற அரபுச் சொல்தான் நம் நீதிமன்றங்களில் வக்காலத்து ஆனது. நிகாஹ்வில் மணப்பெண் சார்பில் நிற்பவரை வக்கீல் என்கிறோமே, அதே சொல்தான். வகீல் இறந்தாலோ சித்தம் கலங்கினாலோ வகாலத் முடிந்துவிடும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவும் முகவர் பற்றி இதையே சொல்கிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் (சி.பி.சி.) 3ஆவது கட்டளை, 4ஆவது விதிப்படியும் வக்கீல் இறந்தால் அவருடைய வக்காலத்து முடிந்துவிடும்.

ஆனால் வழக்கு நிற்பதில்லை. வழக்காடுபவர் இறந்தால் வாரிசுகளைச் சேர்ப்பதற்கு அதே சட்டத்தில் 22ஆவது கட்டளை முழுவதுமாக இருக்கிறது. வக்கீல் இறந்தால் அடுத்து யார் வருவது என்பதற்கு அப்படி ஒரு விரிவான ஏற்பாடு இல்லை. யாராவது சொன்னால்தான் நீதிமன்றத்துக்கே தெரியும். நோட்டீஸ் அனுப்பினாலும் அது 15 ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பழைய முகவரிக்குத்தான் போகும்.

இங்கிலாந்தில் தனியாக அலுவலகம் நடத்தும் வழக்குரைஞர் செயலிழந்தால், ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டுக் கட்டுகளையும் கட்சிக்காரர் பணத்தையும் தன் பொறுப்பில் எடுக்க 1974ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், தமக்குப் பின் கட்டுகளைக் கவனிக்க ஒரு வக்கீலை ஒவ்வொரு வக்கீலும் முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். நம்முடைய 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வழக்கறிஞர்கள் சேமநல நிதிச் சட்டம் இறந்த வக்கீலின் குடும்பத்துக்கு உதவுகிறது. கட்சிக்காரரைக் காப்பது அதன் வேலை அல்ல. ஆகவே காவல் நம் கையில்தான் இருக்கிறது.

30 நாள் கணக்கு

வாதி தரப்பில் யாரும் ஆஜராகாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம். பிரதிவாதி தரப்பில் யாரும் வராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரலாம். தள்ளுபடியான வழக்கை மீண்டும் எடுக்கவும், ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கவும் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் 30 நாட்கள். வழக்கு தள்ளுபடியானால் அதில் வாங்கிய இடைக்காலத் தடை உத்தரவும் சேர்ந்து போய்விடும். சம்பா நடவு நேரத்தில் தடை உத்தரவை நம்பி நீங்கள் வீட்டில் இருக்க, எதிர்த்தரப்பு வயலில் டிராக்டரை இறக்கிவிடலாம்.

தாமதமானால் அதே சட்டத்தின் 5ஆவது பிரிவின்கீழ் மன்னிப்புக் கேட்கலாம். வக்கீலின் இறப்புச் சான்று அல்லது மருத்துவச் சான்றின் நகலை வைத்து, உங்களுக்கு எப்போது தெரிந்தது, உடனே என்ன செய்தீர்கள் என்று நாள்வாரியாகச் சொல்ல வேண்டும். வக்கீல் வராததற்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981இல் ரபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கட்சிக்காரரே அக்கறையில்லாமல் இருந்துவிட்டு வக்கீல் மீது பழிபோட முடியாது என்று 1993இல் சலீல் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என உச்ச நீதிமன்றம் எல்லோருக்கும் பொதுவாக விலக்கு அளித்தது. சாதாரண நாட்களில் அந்தச் சலுகை கிடையாது.

செய்தி தெரிந்ததும் செய்ய வேண்டியவை

1. அடுத்த வாய்தா தேதியைக் கண்டுபிடியுங்கள். 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் உடனே தெரியும். எண் இல்லாவிட்டால் கட்சிக்காரர் பெயரை வைத்தும் தேடலாம். குமாஸ்தாவிடமும் கேளுங்கள். அவருக்கு விவரம் தெரியும். ஆனால் உங்களுக்காக வாதாட அவருக்கு உரிமை இல்லை.

2. புதிய வக்கீல் அமையும் முன்பே வாய்தா வந்தால் நீங்களே நேரில் ஆஜராகி நிலைமையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். வழக்காடுபவர் தாமே ஆஜராகலாம்.

3. வக்கீல் இறந்திருந்தால் புதியவர் வக்காலத்து தாக்கல் செய்யலாம். அவர் உயிரோடு படுக்கையில் இருந்தால் பழைய வக்காலத்து நீதிமன்றப் பதிவில் நீடிக்கும். அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதம் தரும் நிலையில் அவர் இல்லையென்றால் காரணத்தைச் சொல்லி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். இது பார் கவுன்சில் விதி 39.

4. கட்டைத் திரும்பப் பெறுங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கி இருந்தால் அது தனிக்கணக்கு. வாங்கும் தாள்களுக்குப் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த வெற்றுத்தாள், காசோலை இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

5. பத்திரம் கிடைக்காவிட்டால், பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்திலும், வழக்கில் தாக்கலான தாள்களுக்கு நீதிமன்றத்திலும் சான்றிட்ட நகல் பெறலாம்.

6. வக்கீலுக்கோ குமாஸ்தாவுக்கோ அதிகாரப் பத்திரம் (பவர்) கொடுத்திருந்தால், அவர் இறந்ததும் பொதுவாக அதுவும் முடிந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள நம்பகமான உறவினருக்கு முறைப்படி பவர் கொடுத்திருந்தால் அவரே புதிய வக்காலத்தில் கையெழுத்திடலாம்.

பணம் இல்லை என்று வழக்கைக் கைவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். தஞ்சாவூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் உங்கள் வட்டத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவையும் அணுகுங்கள். உதவி எண் 15100. மேல்முறையீடு இருந்தால் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். 2004 முதல் தஞ்சாவூர் மாவட்ட வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட வழக்குகள் சென்னைக்குப் போகின்றன.

இன்றே செய்யக்கூடியவை

வக்கீல் நலமாக இருக்கும்போதே செய்வதுதான் உண்மையான பாதுகாப்பு. வக்காலத்தில் இன்னொரு வக்கீலின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் ஆஜராகலாம். வழக்கு எண், நீதிமன்றம், சி.என்.ஆர். எண், கொடுத்த பத்திரங்கள், கட்டிய பணம், அடுத்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இருக்கும் பெண்களிடம் கொடுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் 2:282ஆம் வசனத்தை ஓதும் நாம், வழக்கை மட்டும் நினைவில் வைத்திருப்பது முறையல்ல. பள்ளிவாசல் வழக்குகளுக்கும் இதே நோட்டு வேண்டும். முத்தவல்லி மாறினாலும் நோட்டு ஜமாஅத் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும்.

வக்கீலாகப் பணிபுரியும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அலமாரியில் இருக்கும் பத்திரம் அமானிதம். உங்களிடம் இருக்கும் கட்சிக்காரர் பணம் உங்கள் வாரிசுகளுக்குரிய சொத்து அல்ல. பாகம் பிரிக்கும் முன் உரியவரிடம் சேர வேண்டியது. யாருடைய கட்டு எங்கே இருக்கிறது, உங்களுக்குப் பின் யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி 4:58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்தக் கடமையை நிறைவேற்ற அல்லாஹ் நம் எல்லோருக்கும் அருள்புரிவானாக.