பணியாளரா, தொண்டரா? சிற்றூர் நலவாழ்வுப் பணியில் பெயர்களின் வரலாறு

இந்தியச் சிற்றூர்களில் நலவாழ்வுப் பணியாற்றுவோர் எதிர்கொள்ளும் இடர்களைப் பற்றி மருத்துவத் துறையினரும் பொருளியல் அறிஞரும் மிகுதியாக எழுதியுள்ளனர். மருந்துத் தட்டுப்பாடு, சாலையின்மை, மருத்துவர் வந்து தங்காமை, பதிவேடுகளின் பெருக்கம் ஆகியன அவ்வெழுத்துகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுவன. மொழித் துறையினர் இதன்பால் செலுத்திய கவனம் குறைவே. ஆயினும் இப்பணியாளரின் நிலையைத் தீர்மானித்தவற்றுள் சொல்லும் ஒன்றாகும். அவருக்கு அரசு இட்ட பெயர், அவர் பெறும் தொகைக்கு அரசு இட்ட பெயர், நோய்க்கு ஊரார் இட்ட பெயர் என மூவகைப் பெயர்களுக்கு நடுவே அவர் நிற்கிறார். முதலிரண்டும் மேலிருந்து வருவன. மூன்றாவது கீழிருந்து வருவது. ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்லும் வேலை அவருடையது. அவ்வேலைக்கெனத் தனியே ஒரு பெயரும் இல்லை, தொகையும் இல்லை.

பதவிப் பெயர்கள்

1943இல் ஜோசப் போர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. விடுதலைக்குப் பிந்தைய நலவாழ்வுத் திட்டங்களுக்கு அதுவே அடிப்படை. மருத்துவருள் இருதரம் கூடாது, நாடு முழுமைக்கும் பட்டம் பெற்ற ஒரே வகை மருத்துவரே வேண்டும் என்பது குழுவின் பெரும்பான்மைக் கருத்து. அதுவரை சிற்றூர்ப் பக்கங்களில் பணியாற்றிவந்த எல்.எம்.பி. என்னும் உரிமச் சான்று மருத்துவர் வகை இதனால் மறையத் தொடங்கியது. உறுப்பினருள் சிலர் இதனை மறுத்துரைத்தனர். அவர்கள் அஞ்சியவாறே சிற்றூரில் ஓரிடம் வெற்றிடமாயிற்று. அடுத்த அரை நூற்றாண்டில் உருவான பதவிப் பெயர்கள் பலவும் அவ்வெற்றிடத்தை நிரப்ப எழுந்தவை எனலாம்.

1952 அக்டோபர் 2 முதல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. அவற்றோடு ஏ.என்.எம். எனப்பட்ட பெண் பணியாளரும் ஊருக்கு வந்தார். அப்பெயரின் முழு வடிவம் தமிழில் 'துணைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சி' என்றாகும். இதன் ஈற்றுச் சொல் சிறிது நின்று நோக்கத்தக்கது. மருத்துவர் என்பதன் பெண்பால் வடிவமாகிய மருத்துவச்சி, பிள்ளைப்பேறு பார்க்கும் பெண் என்னும் ஒரே பொருளில் சுருங்கியதோடு, ஒரு குறிப்பிட்ட சாதியின் தொழிலையும் சுட்டிற்று. பயிற்சி பெற்று வெள்ளுடையில் வந்த பெண்ணை ஊரார் அச்சொல்லால் அழைக்கவில்லை. 'நர்சம்மா' என்னும் கலப்புச் சொல்லையே தமிழ்நாடு தேர்ந்தது. இந்தி பேசும் பகுதிகளில் அவர் 'தீதி' ஆனார்.

மலேரியாவிற்கு ஒருவர், பெரியம்மைக்கு ஒருவர், குடும்ப நலத்திற்கு ஒருவர் எனத் தனித்தனியே ஒரே வீட்டின் கதவைத் தட்டிய முறையை மாற்றிப் பல்நோக்குப் பணியாளரை அமர்த்துமாறு 1973இல் கர்த்தார் சிங் குழு பரிந்துரைத்தது. ஏ.என்.எம். என்பது 'பெண் சுகாதாரப் பணியாளர்' எனப் பெயர் மாறவேண்டும் என்றும் அக்குழு கூறியது. காகிதத்தில் பெயர் மாறியது. ஊர் வழக்கில் நர்சம்மாவும் தீதியும் அப்படியே நின்றனர்.

பெயர் மாற்றத்தின் உண்மையான நெருக்கடி 1977இல்தான் தொடங்குகிறது. சமுதாயத்திற்குள்ளிருந்தே, பள்ளி ஆசிரியர், அஞ்சல் அலுவலர் போன்றோரைக் கொண்டு, பணிக்குழுக்களை உருவாக்கலாம் என ஸ்ரீவாஸ்தவா குழு 1975இல் கூறியிருந்தது. இதனையொட்டி 1977 அக்டோபர் 2 அன்று நடுவணரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1,000 பேருக்கு ஒருவர். மூன்று மாதப் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் திங்களுக்கு 200 ரூபாய். பின்னர் திங்களுக்கு 50 ரூபாய் மதிப்பூதியமும் 50 ரூபாய் பெறுமான மருந்தும். இவருக்கு முதலில் இட்ட பெயர் 'சமுதாய நலவாழ்வுப் பணியாளர்'. 1980இல் அது 'சமுதாய நலவாழ்வுத் தொண்டர்' ஆயிற்று. 1981இல் 'சிற்றூர் நலவாழ்வு வழிகாட்டி' ஆயிற்று. நான்காண்டிற்குள் மூன்று பெயர்கள். செய்த வேலையோ பெற்ற 50 ரூபாயோ இப்பெயர்களோடு சேர்ந்து மாறவில்லை. பணியாளர் என்றால் பணி உண்டு; பணி உண்டெனில் பணியமர்த்தியவர் உண்டு; அவரிடம் ஊதியமும் ஓய்வுத்தொகையும் கேட்கலாம். தொண்டர் கேட்கவியலாது, வழிகாட்டி கேட்பது பொருந்தாது. நிருவாக மொழியில் இத்தகைய சொல்மாற்றம் தற்செயலாக நேர்வதன்று. அவர்களை அரசுப் பணியாளராக ஏற்குமாறு கோரிக்கைகள் எழுந்த காலமும் அதுவே.

தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் முதலிய சில மாநிலங்கள் இத்திட்டத்தில் சேரவில்லை. தமிழ்நாட்டில் சிறு சுகாதார நிலையங்கள் என்னும் மாற்று ஏற்பாடு இருந்தது. ஆகவே இப்பெயர்களுக்குத் தமிழ்நாட்டு ஆட்சிமொழியில் நிலைபெற்ற வழக்கு உருவாகவில்லை. திட்டத்தில் ஆண்களே பெரும்பான்மையராய் அமைந்தனர். 1986 மே மாதச் சுற்றறிக்கை ஆண்களுக்கு மாற்றாகப் பெண்களை அமர்த்தக் கூறிற்று. 1995இல் மத்தியப் பிரதேசம் 'ஜன் ஸ்வாஸ்த்ய ரட்சக்', அதாவது மக்கள் நலக்காவலர், என்னும் பெயரில் இளைஞர்களைப் பயிற்றியபோது வேறொரு விளைவு நேர்ந்தது. நிலையான தொகையேதும் இன்றிக் காவலர் எனப்பட்டவர் பலர் ஊசியும் மாத்திரையும் கொண்டு தாமே தொழில் நடத்தலாயினர்; ஊராருக்கு அவர்கள் 'டாக்டர்'.

மித்தானினும் ஆஷாவும்

2000இல் உருவான சத்தீசுகர் மாநிலம் 2002இல் தொடங்கிய திட்டத்தின் பெயர் மொழியியலார்க்குச் சுவையானது. அந்நாட்டுச் சிற்றூர்களில் இரு சிறுமியர் சடங்குவழித் தோழமை பூண்டு வாழ்நாள் முழுதும் அவ்வுறவைப் பேணுவது மரபு. அத்தோழிக்குப் பெயர் 'மித்தானின்'. ஊர்ப் பணியாளருக்கு இப்பெயரே இடப்பட்டது. ஊருக்கு ஒருவர் என்னாது குடியிருப்புக்கு ஒருவர் என்று அமைத்தமையால் பெயரும் அளவும் பொருந்தின. ஒரு வட்டார வழக்குச் சொல், பயிற்சி நூல்களிலும் அரசாணைகளிலும் மொழிபெயர்க்கப்படாமலே நின்றமை அரிய நிகழ்ச்சி. எனினும் தோழிக்குத் தொகை கொடுப்பாரில்லை. தொடக்கத்தில் மித்தானினும் மதிப்பூதியம் பெறவில்லை. அன்பான பெயர் அப்பெயரைத் தாங்கியவருக்கு ஒருவகையில் இழப்பாகவும் முடிந்தது.

2005 ஏப்ரல் 12 அன்று தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் 'ஆஷா'வைக் கொணர்ந்தது. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து வடமொழிவழி வந்த, நம்பிக்கை என்னும் பொருளுடைய சொல்லாயின. முதலெழுத்துச் சொல் இவ்வாறு இருமொழிகளில் ஒருங்கே பொருள் தருமாறு அமைக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்க்கோ விரிவடிவம்தான் சிக்கல் தந்தது. ஆங்கிலத்தின் 'ஆக்டிவிஸ்ட்' இந்தியில் 'கார்யகர்த்தா' ஆயிற்று. அங்கன்வாடிப் பணியாளரைக் குறிக்கும் சொல்லும் அதுவே. தமிழிலோ 'அங்கீகரிக்கப்பட்ட சமூக சுகாதார ஆர்வலர்' என்றே பெரிதும் வழங்குகிறது. ஒரே மூலச்சொல் ஓரிடத்தில் செயல் புரிபவராகவும் மற்றோரிடத்தில் ஆர்வம் உடையவராகவும் பெயர்ந்தது. இவற்றுள் பின்னையது திட்டத்தின் உள்ளக்கிடக்கைக்கு நெருக்கமானது என்பதை மறுக்கவியலாது. ஆஷா மதிப்புறு தொண்டர். மாதச் சம்பளக்காரர் அல்லர். செய்த செயலுக்கேற்ப ஊக்கத்தொகை பெறுபவர். தமிழ்நாட்டில் இவர்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலுமே பணியாற்றுகின்றனர். பிற இடங்களில் அரசுப் பணியாளராகிய கிராம சுகாதாரச் செவிலியர் அப்பொறுப்பை ஏற்றிருந்தார்.

நோயின் பெயரும் படமும்

இனி, கீழிருந்து வரும் சொற்கள். 1973 இலையுதிர் காலத்தில் பெரியம்மையை ஒழிக்க வடமாநிலங்களில் வீடுவீடாகத் தேடல் நடந்தபோது பணியாளர் கேட்கவேண்டிய வினா எளியது: இவ்வீட்டில் பெரியம்மை உண்டா? அதனைக் கேட்பது எளிதாயில்லை. இந்தி வழக்கில் பெரியம்மை 'படீ மாதா', சின்னம்மை 'சோட்டீ மாதா'. இரண்டிலும் தாய் இருக்கிறாள். தமிழின் அம்மையும் அத்தகையதே. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றும் ஒரே அடிச்சொல்லின்கீழ் நிற்க, அடைமொழி மட்டுமே நோயைப் பிரிக்கிறது. இலக்கண நூலார் மங்கலம் என்று வகுத்த தகுதி வழக்கு இது. அச்சம் தரும் பெயரைச் சொல்லாது விடுவது ஊராரின் முறை. சொல்லாததைப் பதிவேட்டில் எழுதுவது பணியாளரின் கடமை. இச்சிக்கலைத் தீர்த்தது ஒரு சொல் அன்று, ஒரு படம். கொப்புளம் நிறைந்த குழந்தையின் முகத்தை அச்சிட்ட அடையாள அட்டையைப் பணியாளர் கையில் வைத்திருந்தார். வீட்டார் படத்தைப் பார்த்து உண்டு அல்லது இல்லை என்றனர். நோயாளியைக் காட்டுவோர்க்குரிய பரிசு படிப்படியாக உயர்ந்து 1975இல் 1,000 ரூபாயை எட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது.

எல்லா நோய்க்கும் படம் போதாது. மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் 1986 முதல் பணியாற்றிவரும் அபய் பங், ராணி பங் இணையர் குழந்தைகளின் நிமோனியாவை எதிர்கொண்டபோது, மூச்சிரைப்பு நோய்களுக்கு ஊரில் வழங்கிய 'லஹக்', 'டப்பா' என்னும் சொற்களையே தாய்மாரிடம் பயன்படுத்தினர். பாடநூற் சொல்லைக் கற்பிக்கும் காலத்தில் குழந்தை இறந்துவிடக்கூடும். அடுத்த தடை எண்ணிக்கை. மூச்சு நிமிடத்திற்கு எத்தனை என்று அறிந்தாலன்றி நிமோனியா என முடிவு செய்யவியலாது. எழுத்தறிவு குன்றிய பணியாளர் சிலர்க்கு நாற்பது, ஐம்பது என எண்ணுவது அரிதாயிருந்தது. எனவே ஒரு நிமிட மணற்கடிகையும் மணிகளும் கொண்ட கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி வந்துவிட்டால் நோய் உறுதி. எண்ணுப்பெயர் வேண்டிய இடத்தை நிறம் ஏற்றது.

அவ்விணையர் 1989இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொரு மௌனத்தைக் காட்டியது. இரு சிற்றூர்களில் ஆராயப்பட்ட 650 பெண்களுள் 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய் இருந்தது. அவருள் முன்னரே மருத்துவ ஆய்வுக்கு உட்பட்டோர் 8 விழுக்காட்டினரே. நோய்க்குச் சொல் இல்லாமல் இல்லை. பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடக்கரடக்கற் சொற்கள் எம்மொழியிலும் உண்டு. தமிழின் 'வெள்ளைபடுதல்' அவற்றுள் ஒன்று. ஆடவர் முன் அவை ஒலிப்பதில்லை. 1977ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஆடவரே மிக்கிருந்தமையால் எவ்வளவு செய்தி பதிவேட்டை எட்டாமற் போயிற்று என்பதை இதனால் ஒருவாறு உய்த்துணரலாம்.

சொல் கடன் வாங்கப்படும்போது பொருள் சுருங்குவதும் உண்டு. வங்கதேசத்தில் 1980 முதல் பத்தாண்டு, பிராக் நிறுவனத்தின் பணியாளர் வீடுவீடாகச் சென்று உப்பும் வெல்லமும் நீரும் கலந்த கரைசலைத் தாய்மார்க்குக் கற்பித்தனர். தாய் எத்தனை செய்திகளை நினைவில் வைத்துள்ளார் என்று பின்னர் ஒருவர் சென்று சோதிப்பார். அதற்கேற்பவே பணியாளரின் ஊதியம். தாய்மார் நன்கு நினைவில் வைத்திருந்தும் கரைசலைப் பயன்படுத்தியது குறைவாயிருந்தது. ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. ஊரார் வழக்கில் வயிற்றுப்போக்கு நான்கு வகை. பணியாளர் சொன்ன 'டயரியா' அவற்றுள் நீர்போற் கழியும் கொடிய வகை ஒன்றையே குறித்தது. ஏனைய மூன்றுக்கும் கரைசல் பொருந்தும் என்று எவரும் கருதவில்லை. மொழிபெயர்ப்பு வகுப்புகளில் எடுத்துக்காட்டத்தக்க நிகழ்ச்சி இது.

தொகையின் பெயர்

கட்சிரோலியில் 'ஆரோக்கியதூத்', அதாவது நலத் தூதர், எனப்பட்ட ஊர்ப் பெண்கள் பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே பேணியதால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக 1999இல் வெளியான ஆய்வு கூறியது. 2011இல் இம்முறை நாடு முழுமைக்கும் ஆஷாக்கள்வழி கொண்டுசெல்லப்பட்டது. ஒரு குழந்தையின் வீட்டிற்கு ஆறு அல்லது ஏழு முறை சென்று முடித்தால் 250 ரூபாய் ஊக்கத்தொகை. வழக்கமான பணிகளுக்குரிய மாதத்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக நடுவணரசு உயர்த்தியது 2018இல்.

'ஆனரேரியம்' என்னும் சொல்லுக்கு இந்தியில் 'மானதேய'. மதிப்பு, தரத்தக்கது என்னும் இருசொற்கள் அதில் உள. கூலியைக் குறிக்கும் சொல் இல்லை. தமிழ் 'மதிப்பூதியம்' என்றது. தொகுப்பூதியம், காலமுறை ஊதியம் என்பவற்றோடு ஒரே குடும்பமாய் அது நிற்கிறது. முற்காலத் தமிழில் ஊதியம் பயன், இலாபம் என்னும் பொருளினது. இக்காலத்தில் அது உழைப்புக்குரிய தொகை. அரசு எதை மறுக்க விரும்பியதோ அதனைத் தமிழ்ச் சொல் தன்னுள் ஒப்புக்கொண்டுவிட்டது. இக்கலைச்சொல்லை ஆக்கியோர் இதனை எண்ணித்தான் ஆக்கினரா என்பது வேறு.

2013இல் கூடிய 45ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு இத்தகைய திட்டப் பணியாளரைத் தொழிலாளராக ஏற்குமாறு பரிந்துரைத்தது. அங்கன்வாடிப் பணியாளர் அரசின் குடிமைப் பதவி வகிப்போர் அல்லர் என 2006இல் கூறியிருந்த உச்ச நீதிமன்றம், 2022 ஏப்ரல் 25 அன்று குசராத்து மாநில வழக்கொன்றில் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு எனத் தீர்ப்பளித்தது. பணிக்கொடைச் சட்டத்தில் 'ஊதியம்' என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கம் மதிப்பூதியத்தையும் தழுவும் அளவு விரிவானது என்று நீதிபதிகள் பொருள்கொண்டனர். தீர்ப்பு அங்கன்வாடிப் பணியாளரைப் பற்றியது. ஆஷாக்கள் அவ்வழக்கில் இல்லை. அடுத்த மாதமே, மே 22 அன்று, உலக நலவாழ்வு நிறுவனத் தலைமை இயக்குநரின் விருது ஆஷாக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் கேரள ஆஷாக்கள் பல மாதம் நீண்ட போராட்டத்தைத் தொடங்கினர். 7,000 ரூபாயை 21,000 ரூபாயாக உயர்த்தவேண்டும் என்பது அவர்தம் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. அக்கோரிக்கையில் அத்தொகைக்கு இருந்த பெயர் 'ஓணரேரியம்' என்பதே.