கல்வியில் எழுத்துத் திருட்டு

கல்வியில் எழுத்துத் திருட்டு என்பது, பிறருடைய எழுத்து, கருத்து, தரவு, படம் முதலியவற்றை மூலத்தைக் குறிப்பிடாமல் எடுத்து, மாணவரோ ஆய்வாளரோ தமது சொந்த ஆக்கமாக மதிப்பீட்டுக்கு அளிப்பதைக் குறிக்கும். கருத்துத் திருட்டு, படைப்புத் திருட்டு ஆகிய சொற்களும் இப்பொருளில் வழங்குகின்றன. இது பதிப்புரிமை மீறலில் இருந்து வேறுபட்டது. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூலில் இருந்து எடுத்தாலும், மூலம் சுட்டப்படாவிடின் அது எழுத்துத் திருட்டே ஆகும்.

இதற்கு இணையான ஆங்கிலச் சொல், ஆட்கடத்துபவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் இருந்து தோன்றியது. கி.பி. 1 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமைக் கவிஞர் மார்சியல், தமது பாடல்களைத் தன்னுடையவை எனக் காட்டிக்கொண்ட ஒருவரை இச்சொல்லால் சாடினார்.

வகைகள்

* நேர்ப்படி: மூலத்தின் சொற்களை அப்படியே எடுத்தாளுதல்.
* ஒட்டுவேலை எழுத்து: மூலத்தின் வாக்கிய அமைப்பை வைத்துக்கொண்டு சில சொற்களை மட்டும் மாற்றுதல்.
* மொழிபெயர்ப்புத் திருட்டு: பிறமொழி ஆக்கத்தை மொழிபெயர்த்துச் சொந்த எழுத்தாகத் தருதல்.
* தன்திருட்டு: முன்னர் மதிப்பெண் பெற்ற தமது ஆக்கத்தையே தெரிவிக்காமல் மீண்டும் அளித்தல்.
* பிறரைக் கொண்டு எழுதுதல்: பணம் கொடுத்தோ கொடாமலோ வேறொருவரை எழுதச் செய்து, அதைத் தமது பெயரில் அளித்தல்.

காரணங்கள்

எல்லா எழுத்துத் திருட்டும் ஏமாற்றும் நோக்கத்தில் நிகழ்வதில்லை. காலப் பற்றாக்குறை, மதிப்பெண் பற்றிய அச்சம், மேற்கோள் காட்டும் முறையை அறியாமை, பயிற்றுமொழியில் தேர்ச்சிக் குறைவு ஆகியவை முக்கிய காரணங்கள். பாடநூலில் உள்ளதை உள்ளவாறே எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் தேர்வு முறையில் பயின்ற மாணவர், பல்கலைக்கழகத்தில் அதே செயல் குற்றமாகக் கருதப்படுவதை எதிர்பார்ப்பதில்லை. ஒட்டுவேலை எழுத்தை 1990களில் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹோவர்ட், புதிய துறையொன்றின் மொழியைக் கற்பவர் கடந்து செல்லும் ஒரு படிநிலையாக அது இருக்கலாம் என வாதிட்டார்.

தடுப்பு முறைகள்

தண்டனையைக் காட்டிலும் முன்கூட்டிய பயிற்சியும் பணியின் அமைப்பும் தடுப்புக்குக் கூடுதலாக உதவும் என்பது கல்வியாளர் பலரின் கருத்தாகும்.

* மேற்கோள் காட்டுதல், சுருக்கி எழுதுதல், சொந்த நடையில் எழுதுதல் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கற்பித்தல்.
* ஆண்டுதோறும் ஒரே தலைப்பைக் கொடுக்காமல், உள்ளூர்த் தரவையோ மாணவரின் சொந்தக் கள நோக்கையோ வேண்டும் தலைப்புகளைத் தருதல்.
* திட்டவரைவு, குறிப்புகள், முதல் வரைவு, இறுதி வரைவு எனப் பணியைப் பகுத்துப் பெறுதல்.
* எழுத்துப் பணியைத் தொடர்ந்து சிறு வாய்மொழித் தேர்வு நடத்துதல்.

கண்டறிதல்

1998 இல் தொடங்கப்பட்ட டர்னிட்டின் போன்ற மென்பொருள்கள், அளிக்கப்பட்ட உரையைத் தமது தரவுத்தளத்தில் உள்ள உரைகளுடன் ஒப்பிட்டு, ஒத்த பகுதிகளை விழுக்காட்டில் காட்டுகின்றன. இந்த விழுக்காடு ஒப்புமையின் அளவு மட்டுமே. திருட்டின் அளவு அன்று. முறையாகச் சுட்டப்பட்ட மேற்கோளும் அதனைக் கூட்டக்கூடும். மறுபுறம், திறம்பட மொழிபெயர்க்கப்பட்ட திருட்டு எளிதில் தப்பிவிடும். தமிழில் மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட உரை, ஒருங்குறிக்கு மாற்றப்படாவிடின், ஒருங்குறியில் உள்ள அதே உரையுடன் பொருந்தாது.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2001 இல் நிகழ்ந்தது பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். இயற்பியல் பேராசிரியர் லூயிஸ் புளூம்பீல்ட் தாமே எழுதிய நிரலைக் கொண்டு, பல பருவங்களில் பெற்ற கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மீது ஐயம் எழுந்தது. நிரல் இரு கட்டுரைகள் ஒத்திருப்பதை மட்டுமே காட்டியது. மூலத்தை எழுதியவர் யார், நகலெடுத்தவர் யார் என்பதை விசாரணையே தீர்மானிக்க வேண்டியிருந்தது. நிரல் சுட்டியவர்களில் பலர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். பலர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்தது. அக்காலத்தில் அங்கு இத்தகைய குற்றத்துக்கு நீக்கம் ஒன்றே தண்டனையாக இருந்தது. 2023 இல் பலவகைத் தண்டனைகள் கொண்ட முறைக்கு அப்பல்கலைக்கழகம் மாறியது.

செயற்கை நுண்ணறிவு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னர், மூலம் என ஒன்றைச் சுட்ட இயலாத எழுத்து புதிய சிக்கலாக உருவெடுத்தது. இயந்திர எழுத்தைக் கண்டறிவதற்காக ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கருவியை, போதிய துல்லியம் இல்லாமையால் அந்நிறுவனமே 2023 சூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய 91 தோபல் தேர்வுக் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திர எழுத்து எனத் தவறாகக் கருதின. எனவே இரண்டாம் மொழியில் எழுதும் மாணவர், குற்றம் செய்யாமலே குற்றம் சாட்டப்படும் வாய்ப்பு மிகுதி. கருவியின் முடிவை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், மாணவரின் வரைவுகளைப் பார்த்து அவருடன் உரையாடுவதே பாதுகாப்பான வழியாகும்.

இந்தியாவில் விதிமுறைகள்

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் இது தொடர்பான ஒழுங்குவிதிகளை அறிவித்தது. இவ்விதிகளின்படி, ஆய்வேடு அளிக்கும் மாணவருக்கான நடவடிக்கைகள் பின்வருமாறு:

* 10% வரை ஒப்புமை: தண்டனை இல்லை.
* 10% க்கு மேல் 40% வரை: 6 மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தி அளித்தல் வேண்டும்.
* 40% க்கு மேல் 60% வரை: திருத்திய ஆய்வேட்டை அளிக்க ஓராண்டுத் தடை.
* 60% க்கு மேல்: பதிவு நீக்கம்.

முறையாகச் சுட்டப்பட்ட மேற்கோள்கள், உசாத்துணைப் பட்டியல், பொருளடக்கம், சட்டங்கள், பொதுவான சமன்பாடுகள், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான தற்செயல் ஒப்புமை ஆகியவை கணக்கில் சேரா. புகாரை முதலில் துறை நிலைக் குழுவும், பின்னர் நிறுவன நிலைக் குழுவும் ஆராயும். ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டு, மேல்முறையீட்டு வழிகள் முடிந்து, உரியவர் தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்கப்பட்ட பின்னரே தண்டனை விதிக்கலாம். வகுப்பு ஒப்படைகள், பருவக் கட்டுரைகள், விடைத்தாள்கள் ஆகியன இவ்விதிகளின் எல்லைக்கு வெளியே உள்ளன. எனவே இளநிலை மாணவர்களின் ஒப்படைகளில் எழும் சிக்கல்களை அந்தந்தக் கல்வி நிறுவனமே கையாள வேண்டியுள்ளது.

2019 இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்த பாடம் கட்டாயமாக்கப்பட்டது.

பிற நாடுகள்

மாணவருக்காகக் கட்டுரை எழுதி விற்பதைச் சில நாடுகள் சட்டப்படி குற்றமாக்கியுள்ளன. ஆஸ்திரேலியா 2020 இலும் இங்கிலாந்து 2022 இலும் இதற்கான சட்டங்களை இயற்றின. இச்சட்டங்கள் விற்கும் நிறுவனங்களையே குறிவைக்கின்றன. வாங்கும் மாணவர் மீதான நடவடிக்கை கல்வி நிறுவனத்தின் பொறுப்பாகவே உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* பதிப்புரிமை
* மேற்கோள்
* ஆய்வு அறம்