கைம்பெண்ணின் பங்கு

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் புகைவண்டியில் செல்பவர்கள் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்னும் நிலையங்களைக் கடந்து செல்வார்கள். தூரம் அதிகமில்லை. ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் தில்லைக் கோபுரங்கள் கண்ணில் படும். ஆனால் விக்டோரியா மகாராணியார் ஆண்ட காலத்தில் இச்சிறு தூரத்திற்குள் மூன்று சட்டங்கள் குடியிருந்தன. கணவனை இழந்த ஒருத்தி இம்மூன்று ஊர்களுள் எந்த ஊரில், எந்தச் சமயத்தில் பிறந்திருந்தாள் என்பதைப் பொறுத்தே அவள் செல்வியா இரவலாளா என்பது முடிவாயிற்று.

நேயர்கள் எளிதில் உணரும் பொருட்டு ஒரு கணக்கைச் சொல்கிறேன். இறந்தவர் உயில் எழுதவில்லை. விட்டுச் சென்ற நிலம் 24 காணி. மனைவி இருக்கிறாள், ஆண் மக்கள் இருவர், பெண் மக்கள் மூவர்.

முதலில் கடலூர். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பெனியார் 1690இல் விலைக்கு வாங்கிய நாள் முதலாகவே ஐரோப்பியரும் கலப்பினத்தவரும் இந்தியக் கிறிஸ்தவர்களும் கலந்து வாழ்ந்த ஊர் அது. 1866ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி அங்கே ஒரு கிறிஸ்தவக் கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்காகிய 8 காணி கிடைக்கும். மீதி 16 காணியை மக்கள் ஐவரும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றிச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே காலத்தில் இங்கிலாந்தில் உயிலின்றி இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனையே சேர்ந்தது. அம்முறை 1925 வரையில் அங்கே நீங்கவில்லை. லண்டனில் இருந்த தங்கைக்குக் கிட்டாத நியாயம் கடலூரில் இருந்த அக்காளுக்குக் கிட்டியது!

அடுத்தது பரங்கிப்பேட்டை. கடல் வாணிபத்தில் பெயர் பெற்ற முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஊர். அவர்களுடைய மார்க்கச் சட்டப்படி மக்களையுடைய கைம்பெண்ணுக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 காணி. மீதி 21இல் ஆண் மகனுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. மகன்கள் ஆளுக்கு 6, மகள்கள் ஆளுக்கு 3. அவளுடைய மஹர் தொகை இக்கணக்கில் சேராது. அது தனியே அவளுக்கு வரவேண்டிய கடன்.

இனிச் சிதம்பரம். அங்கே ஓர் இந்துக் குடும்பத்தின் பரம்பரை நிலமாயின் மகன்களுக்கு ஆளுக்கு 12 காணி. மகள்களுக்கு ஒன்றுமில்லை. தாய்க்கும் ஒன்றுமில்லை; சோறும் துணியும் உண்டு. மகப்பேறின்றிக் கணவன் இறந்து, அவனுடைய பிரிந்த சொத்து அவள் கைக்கு வந்தாலும், ஆயுள் உள்ளளவும் அனுபவிக்கலாமேயன்றி, தக்க அவசியமின்றி விற்கவோ கொடுக்கவோ இயலாது. கணவனுக்கு உறவினர் எவருமே இல்லாதபோதும் இக்கட்டு நீங்காது என்று மசூலிப்பட்டினத்து வழக்கொன்றில் லண்டன் பிரிவி கவுன்சில் 1861இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு யாருடைய பெயரால் வழங்கப்பட்டதோ அந்த மகாராணியார், அதே 1861 டிசம்பரில் தாமும் கைம்பெண் ஆனார்.

இச்சட்டங்கள் ஒன்றோடொன்று மோதிய வழக்கும் உண்டு. பெல்லாரியில் மாத்யூ ஆபிரகாம் என்பவர் இருந்தார். தமிழ்ப் பறையர் குலத்தில் தோன்றிய கிறிஸ்தவர். சாராய வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். 1820இல் சார்லட் பாக்ஸ் என்னும் கலப்பினப் பெண்மணியை மணந்தார். 1842இல் உயிலின்றி இறந்தார். வாணிபத்தில் உடனிருந்து உழைத்த தம்பி பிரான்சிஸ், “எங்கள் குடும்பம் பிரியாத குடும்பம், சொத்தில் எனக்கும் உரிமை உண்டு” என்றார். சார்லட் அம்மையார் வழக்காடினார். வழக்கு லண்டன் வரை சென்று 1863இல் முடிந்தது. சமயம் மாறியவரை இந்துச் சட்டம் கட்டாயமாகத் தொடராது. பழைய வழக்கத்தைக் கைக்கொள்வதோ கைவிடுவதோ அவர் விருப்பம். மாத்யூ தம் மனைவியின் சமூகத்து வழக்கத்தையே கைக்கொண்டார் என்று கண்டு, பிரியாத குடும்பம் என்னும் வாதத்தை நீதிபதிகள் தள்ளினார்கள். பிரான்சிஸின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும், ஒருவர் அணிந்த உடையையும் வாழ்ந்த வீட்டையும் கொண்டு அவர் மனைவி மக்களின் கதியை அளந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இரண்டே ஆண்டுகளில் மேற்சொன்ன வாரிசுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது.

சிதம்பரத்துக் கணக்கை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் பாட்டனாரின் தாயாருக்கு ஆண் மக்கள் இருவர், பெண் மக்கள் மூவர். வீராணத்து ஏரித் தண்ணீர் பாயும் 24 காணி. கொள்ளுப்பாட்டனார் காலமான பின் மகன்கள் பாகம் செய்துகொண்டார்கள். தாயார் ஆறு மாதம் ஒரு வீட்டிலும் ஆறு மாதம் மற்றொரு வீட்டிலும் உண்டார்.

அவ்வம்மையார் பகிர்ந்துகொடுக்கச் சட்டம் விட்டு வைத்தது ஒன்றே, சீதனம். சீதனம் பெண் வழியே செல்வது. மணமாகாத மகளுக்கு அதில் முதலுரிமை. அட்டிகை, ஒட்டியாணம், காசுமாலை முதலியவற்றைத் தட்டாரை வரவழைத்துக் குன்றிமணி வைத்து நிறுத்தாராம். மகன்கள், “இவை குடும்பத்து நகைகள்” என்று தடுத்தார்களாம். “இவற்றை எனக்குப் பூட்டியவர் என் தகப்பனாரா, உங்கள் தகப்பனாரா?” என்று கேட்டிருக்கிறார் கிழவியார். எவரும் வாய் திறக்கவில்லை. புக்ககத்தார் பூட்டிய பதக்கம் ஒன்றை மட்டும் தாமாகவே எடுத்து மருமகள்கள் முன் வைத்தார். மற்றவற்றில் பாதி, மணமாகாதிருந்த கடைசி மகளுக்கு. மீதி மூத்தவர் இருவருக்கும். இதை என் அத்தைப் பாட்டி எனக்குச் சொன்னார்.

பின்னர் 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு ஒரு மகனுக்குரிய பங்கைக் கொடுத்தது. அதுவும் ஆயுட்கால அனுபவமே. விளைநிலம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அதற்குள் வந்தது. 1956இல் முழு உரிமை கிடைத்தது. பரம்பரைச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989இல் வழங்க, நாடு முழுவதும் அது 2005இல் வந்தது.

நான் மகன் வழியில் வந்தவன். கடலூரில் தங்கிப் படித்த என் படிப்பு அந்த 12 காணி நெல்லில் கிடைத்தது. பாகப் பத்திரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நிலத்தின் நான்கெல்லைகளும், இரண்டு ஏர் மாடுகளும், கொல்லையில் நின்ற மாமரமும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. மாதாவின் சீவனாம்சத்திற்கு ஆண்டொன்றுக்கு இத்தனை கலம் நெல் என்று ஒரு வரி இருக்கிறது. மகன்கள் இருவர், சாட்சிகள், எழுதினவர் எல்லாரும் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். அம்மையாரின் கைந்நாட்டு அதில் எங்கும் இல்லை.